சாக்கிய நாயனார் காட்டிய நியமம்

மேற்கொண்ட நற்பழக்கம் நிலைபெறுவது எங்ஙனம்? அறுபத்து மூவருள் ஒருவராகிய சாக்கிய நாயனார் வரலாறு விடை தரும். திருச்சங்கமங்கையில் தோன்றிக் காஞ்சியை அடைந்து பௌத்தம் சார்ந்த இவர், சிவநெறியே மெய்யெனத் தெளிந்த பின்னரும் சாக்கியக் கோலத்தை மாற்றினாரல்லர். நாள்தோறும் சிவலிங்கம் கண்ட பின்னரே உண்பது என நியமம் பூண்டார். ஒருநாள் பேருவகையால் அருகே கிடந்த கல்லை எடுத்து லிங்கத்தின்மீது எறிந்தார். அதுவே அவர்தம் நாள்வழிபாடாயிற்று.

பின்னொருநாள் அதனை மறந்து உண்ணப் புகுந்தார். நினைவு வந்ததும் உண்ணாது எழுந்து விரைந்து சென்று கல்லெறிந்தார். இறைவன் விடைமேல் காட்சி தந்தது மறந்து மீண்ட அந்நாளிலேயே என்று, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணம் கூறும்.

செயலோ மிகச் சிறிது. உணவோடு இணைந்தமையால் பசியே அதனை நினைவூட்டியது. தவறியபோது நாளைக்கு என ஒத்திவையாது அன்றே நிறைவேற்றினார்.

இழை அறுந்தால் நம் காஞ்சி நெசவாளர் தறியைக் கைவிடுவதில்லை; அதனை முடிந்து மேலே நெய்கின்றனர். அன்பர்களே! இடையில் விட்ட நியமம் ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. இன்று உண்ணுமுன் அதனை மீண்டும் தொடங்குவோமாக.