பொது அறிவு: ட்ரோய் – இதிகாசம், வரலாறு, இன்றைய வழக்கு

பொது அறிவு வினாக்களில் ஒரே பெயர் பல துறைகளிலிருந்து கேட்கப்படலாம். ட்ரோய் அத்தகைய பெயராகும். கிரேக்க இதிகாசம், தொல்பொருளியல், திரைப்படம், கணினி ஆகிய நான்கிலும் அது வருகின்றது. வினா எத்துறைக்கு உரியது என்பதை முதலில் இனங்கண்டு கொண்டால் விடையில் மயக்கம் ஏற்படாது.

1. இதிகாசக் கதை

ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸின் மனைவி ஹெலனை ட்ரோய் இளவரசன் பாரிஸ் கொண்டு சென்றான். அவளை மீட்பதற்காக மெனலாஸின் தமையன் அகமெம்னோன் தலைமையில் கிரேக்கர் படையெடுத்தனர். போர் பத்து ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் ஒடிசியஸின் தந்திரப்படி பெரிய மரக்குதிரை ஒன்றினுள் வீரர்களை ஒளித்து வைத்துவிட்டு, ஏனையோர் கப்பலேறிச் செல்வதுபோல் நடித்தனர். ட்ரோய் மக்கள் குதிரையை நகருக்குள் இழுத்துச் சென்றனர். இரவில் வீரர்கள் வெளிவந்து வாயிலைத் திறக்க, நகரம் வீழ்ந்தது.

கவனிக்க:
- ஹோமரின் 'இலியட்' போரின் பத்தாம் ஆண்டில் நிகழ்ந்த சில வாரச் சம்பவங்களையே கூறுகின்றது. அது ஹெக்டரின் ஈமச்சடங்குடன் முடிகின்றது. மரக்குதிரையால் நகரம் வீழ்ந்த கதை அதில் இல்லை.
- அக்கதை 'ஒடிசி'யில் சுருக்கமாகவும், உரோமப் புலவர் வேர்ஜிலின் 'ஈனியட்'டில் (கி.மு. 1ஆம் நூற்றாண்டு) விரிவாகவும் வருகின்றது.
- அக்கிலீஸின் குதிகால் மட்டுமே ஊறுபடக்கூடியது என்ற கதையும் 'இலியட்'டில் இல்லை, அது பிற்காலத்தது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் என்புடன் இணைக்கும் நாண் இன்றும் அவன் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

2. வரலாறு

துருக்கியின் வடமேற்கில், டார்டனெல்ஸ் நீரிணைக்கு அண்மையில் உள்ள ஹிசார்லிக் மேடே ட்ரோய் எனக் கருதப்படுகின்றது. பிராங்க் கல்வேட் என்பவர் அங்கு முதலில் அகழ்ந்தார். பின்னர் ஜேர்மனியரான ஹென்ரிச் ஷ்லீமன் 1870களில் பெருமளவில் அகழ்ந்து உலகப் புகழ் பெற்றார். 1873இல் கிடைத்த பொன்னணிகளை அவர் ட்ரோய் மன்னன் பிரயாமின் புதையல் என அறிவித்தார். ஆனால் அவை, போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை என்பது பின்னர் தெரியவந்தது. அவர் அவசரமாகத் தோண்டியதால் மேலடுக்குகள் பலவும் அழிந்தன.

இங்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பிரதான குடியிருப்பு அடுக்குகள் உள்ளன. கி.மு. 12ஆம் நூற்றாண்டளவில் ஓர் அடுக்கு தீயால் அழிந்தமைக்குச் சான்று உண்டு. எனினும் மரக்குதிரைக்குத் தொல்பொருட் சான்று எதுவும் இல்லை. 1998இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக்கியது.

3. இன்றைய வழக்கு

- திரைப்படம்: 'ட்ரோய்' 2004இல் வெளிவந்தது. இயக்குநர் வொல்ப்காங் பீற்றர்சன்; அக்கிலீஸாக நடித்தவர் பிராட் பிட். இதில் மெனலாஸ் போரில் கொல்லப்படுகின்றான். 'ஒடிசி'யிலோ அவன் ஹெலனுடன் நாடு திரும்பி வாழ்கின்றான். எனவே படத்தைப் பார்த்து இதிகாச வினாவுக்கு விடை எழுதுதல் ஆபத்தானது.
- கணினி: பயனுள்ள மென்பொருள்போல் தோன்றி, பயனர் தாமே நிறுவியதும் தீங்கு செய்யும் நிரல் 'ட்ரோஜன்' எனப்படும். வைரஸ் போன்று இது தன்னைத்தானே பிரதிசெய்து பரவுவதில்லை.

விடை எழுதும்போது: 'இதிகாசத்தின்படி', 'அகழ்வாய்வின்படி' எனப் பிரித்து எழுதுக. கதையை நிரூபிக்கப்பட்ட வரலாறாக எழுதலாகாது. கதை என்பதற்காக நகரமே இருக்கவில்லை எனவும் எழுதலாகாது.

பயிற்சி

சரியா, பிழையா எனக் கூறிக் காரணம் தருக.
1. மரக்குதிரையால் ட்ரோய் வீழ்ந்த கதையை 'இலியட்' விவரிக்கின்றது.
2. ஷ்லீமன் கண்டெடுத்த அணிகலன்கள் பிரயாமுடையவை.
3. ட்ரோஜன் ஒருவகை வைரஸ் ஆகும்.
4. ட்ரோய் அமைந்திருந்ததாகக் கருதப்படும் இடம் இன்று கிரேக்க நாட்டில் உள்ளது.

விடைகள்
1. பிழை. 'இலியட்' ஹெக்டரின் ஈமச்சடங்குடன் முடிகின்றது.
2. பிழை. அவை மிக முற்பட்ட அடுக்குக்குரியவை.
3. பிழை. அது தன்னைப் பிரதிசெய்வதில்லை. பயனரை ஏமாற்றியே உட்புகுகின்றது.
4. பிழை. அது துருக்கியில் உள்ளது.