மலையிலிருந்து இறங்கும் சரக்கும் சந்தை விலையும்



திருப்பத்தூரிலிருந்து மலையேறினால் புதூர்நாடு. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். சாமை, தேன், புளி, கடுக்காய் என்று மலைச்சரக்கு அங்கிருந்துதான் கீழே இறங்குகிறது. தேன் வாங்கும்போது கலப்படமா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். எடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை.

வெளியூரிலிருந்து சரக்கோடு வருபவரைச் சந்தைக்கு வருமுன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). காரணம், அவருக்குச் சந்தை விலை தெரியாது. அப்படி விற்றவர் சந்தைக்கு வந்த பிறகு வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் முஸ்லிமில் வருகிறது. ஹனஃபி மத்ஹபில் வியாபாரம் செல்லும். ஆனால் விலையை மறைத்து வாங்கியிருந்தால் அது மக்ரூஹ்.

இன்று வழிமறிக்க ஒட்டகம் தேவையில்லை, முன்பணம் போதும். காய் பிடிக்கும் முன்பே புளியமரத்தைப் பேசி முடித்துவிடுகிறார்கள். பலன் வெளிப்படுமுன் கனிகளை விற்பதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். 'ஸலம்' கூடுமே என்பீர்கள். கூடும், ஆனால் அதில் அளவும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும், முழு விலையும் முதலிலேயே கைக்கு வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட மரத்தின் காயைப் பேசுவது ஸலம் ஆகாது.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. குதிரையைப் பார்த்தவர், இது அதைவிட உயர்ந்தது என்று தாமே விலையை ஏற்றி, 800 கொடுத்து வாங்கினார். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் கொடுத்த வாக்கையே காரணமாகச் சொன்னார் (தப்ரானி).

மலைமக்கள் முஸ்லிம்கள் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தை எச்சரித்தது மக்களின் பொருட்களைக் குறைத்துக் கொடுப்பதைப் பற்றி. 'மக்கள்' என்றுதான் அல்அஃராஃப் 85ஆம் வசனத்தில் இருக்கிறது.

நியாய வணிகம் என்ற முத்திரை 1988இல் நெதர்லாந்தில் காபிக்கு வந்தது. நம் நாட்டில் 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்களின் உரிமையைப் பழங்குடியினருக்குக் கொடுத்தது. 2013இல் அவற்றில் சிலவற்றுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டமும் வந்தது. மலைப்பகுதிகளில் 'லேம்ப்' கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தேனை அங்கே வாங்கலாம்.

நேரடியாக வாங்குகிறவரா நீங்கள்? சாமையோ புளியோ, திருப்பத்தூரில் இன்று என்ன விலை என்பதை முதலில் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு பேரம் பேசுங்கள். அதை மார்க்கம் தடுக்கவில்லை.