கரையில்லா ஏரிகள்: வடபீகார்ச் சமவெளியின் நீர்நிலைகளைச் சென்று காணுதல்

கங்கைச் சமவெளியின் தட்டையை, குன்றுகளும் பாறைகளும் நிறைந்த தென்னாட்டில் வளர்ந்த ஒருவர் நேரிற் கண்டாலன்றி நம்புதல் அரிது. பாட்னா நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 53 மீட்டர் உயரத்தில் உள்ளது. வங்காள விரிகுடாவோ அங்கிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அஃதாவது, ஒரு கிலோமீட்டர் நடந்தால் நிலம் சராசரியாக ஒரு சாண் கூடத் தாழ்வதில்லை. இத்தகைய நிலத்தில் வெள்ளம் செல்லும் திசையை ஒரு சாலை மேடோ, இரயில் பாதையின் மண் அணையோ மாற்றிவிடக்கூடும். விரைந்தோட வழியில்லாத நீர் ஆங்காங்கே தங்குகிறது. அவ்வாறு தங்கும் இடங்களே இப்பிரதேசத்தின் ஏரிகளும் சதுப்புகளும் ஆகும். அவற்றைப் பார்வையிடச் செல்லும் கள அலுவலர்க்கும், மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் பயன்படுமாறு, கங்கைக்கு வடக்கே பீகாரில் உள்ள நீர்நிலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் இவை தோன்றும் முறையை அறிதல் வேண்டும். இமயத்திலிருந்து இறங்கும் கண்டகி, பாகமதி, கோசி முதலிய நதிகள் பெருமளவு வண்டலைச் சுமந்து வருகின்றன. சமவெளியை அடைந்ததும் நீரின் வேகம் குறைந்து வண்டல் படிகிறது, படுகை உயர்கிறது, நதி பள்ளமான வேறொரு வழியை நாடுகிறது. கோசி நதி இருபுறமும் கரையிட்டு அடக்கப்படுவதற்கு முன்பு, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், கிழக்கிலிருந்து மேற்காக 100 கிலோமீட்டருக்கும் அதிகமாக இடம் பெயர்ந்ததென்று பழைய நிலப்படங்களைக் கொண்டு கணித்திருக்கின்றனர். இது பெரிய அளவில் நிகழ்வது. சிறிய அளவில் நிகழ்வதும் உண்டு. வளைந்து செல்லும் ஆற்றின் வெளிக்கரை அரிக்கப்பட, உட்கரையில் மணல் சேர்கிறது. வளைவு முற்றி அதன் இரு முனைகளும் நெருங்கியபின், ஒரு பெருவெள்ளத்தில் அதன் கழுத்து அறுபடுகிறது; ஆறு நேர்வழியே போய்விடுகிறது. கைவிடப்பட்ட வளைவு குதிரை லாட வடிவில் நீருடன் எஞ்சி நிற்கிறது. இதனை அப்பகுதி மக்கள் 'மன்' என்பர். ஆற்று மேடுகளுக்கு இடையே தட்டுப்போல் அகன்று கிடக்கும் ஆழமற்ற பள்ளம் 'சௌர்' எனப்படும். பெரிய நீர்ப்பரப்புக்குத் 'தால்' என்று பெயர்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்று கூற விரும்புகிறேன். இம்மூன்று சொற்களையும் 'ஏரி' என்று தமிழில் எழுதிவிடுவது எளிது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எழுதி வந்தேன். ஆனால் ஏரி என்றதும் தமிழர்க்குக் கரையும் மதகும் கலங்கலும் உடன் நினைவுக்கு வருகின்றன. கரைக்கு ஒருபுறம் நீர், மறுபுறம் வயல். அவ்வரம்பு மனிதன் கட்டியது. ஆண்டு முழுவதும் மாறாதது. சௌருக்கும் மன்னுக்கும் அத்தகைய வரம்பு கிடையாது. அவற்றின் ஓரம் மாதந்தோறும் நகர்கிறது.

இதன் உண்மைப் பொருளை நான் உணர்ந்தது ஒரு மே மாதத்தில். பேகூசராய் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் காபர் தால் உள்ளது. பூடி கண்டகி, அஃதாவது 'முதிய கண்டகி' என்னும் ஆறு விட்டுச் சென்ற வளைவின் எச்சம் அது. ஓர் ஆய்வுக் குழுவினருடன் அங்குச் சென்றிருந்தேன். வண்டியை விட்டிறங்கி, அறுவடையான மக்காச்சோளத் தட்டைகளுக்கிடையே வெயிலில் நெடுநேரம் நடந்தோம். நீரைக் காணோம். எதிரே வந்த முதிய மீனவர் ஒருவரிடம், ஏரி இன்னும் எவ்வளவு தூரம் என்று வினவினோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "பாபு, நீங்கள் ஏரிக்குள்தான் நிற்கிறீர்கள்" என்றார். எங்கள் கையில் இருந்த பழைய பதிவேட்டில் அவ்விடம் 'தரிசு' என்று குறிக்கப்பட்டிருந்தது. கோடையில் ஒருமுறை மட்டும் வந்து பார்த்தவர் எழுதியது அது என்பதில் ஐயமில்லை. அதனை அப்படியே 'தரிசு' என்று தமிழாக்கி அச்சுக்கு அனுப்பியவன் நான்.

இஃது எழுத்துப் பிழை மட்டுமன்று. தரிசு எனப் பதிவாகிவிட்ட பள்ளத்தில் வடிகால் வெட்டலாம், மண் கொட்டி மேடாக்கலாம், சாலை போடலாம். தடை கூறுவோர் இரார். பின்னர் ஆவணி மாதத்தில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும்போது, அவ்விடம் இல்லாமையால் அண்டையிலுள்ள ஊர்களுக்குள் புகுகிறது. பீகாரின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் வெள்ள அபாயத்துக்கு உட்பட்டது என்பதை நினைவிற்கொண்டால் இதன் கடுமை விளங்கும். அதே வேளையில், வற்றிய பகுதியில் உழுது பயிரிடுவோரை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவதும் முறையன்று. நீர் இறங்கியதும் பயிர், ஏறியதும் மீன் என்பது அங்கே நெடுங்கால வழக்கம். பதிவேடு இரண்டையும் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கை, நிலையான நீரையும் தற்காலிக நீரையும் ஒருங்கே ஈரநிலம் என்று ஏற்றது. இந்தியா 1982-இல் அதில் சேர்ந்தது. காபர் தாலின் 2,620 ஹெக்டேர் பரப்பு 2020-இல் அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது; பீகாரில் இச்சிறப்பை முதலில் பெற்றது அதுவே. 221 பறவை இனங்கள் அங்குப் பதிவாகியுள்ளன. மேற்குச் சம்பாரண் மாவட்டத்தின் உதயப்பூர் ஏரி என்னும் மன்னும், பக்சார் மாவட்டத்தின் கோகுல் நீர்நிலையும் 2025-இல் பட்டியலிற் சேர்ந்தன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்த தேசிய ஈரநில நிலப்படத் தொகுப்பிலும், மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று இரு பருவத்துச் செயற்கைக்கோள் படங்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன. விண்ணிலிருந்து காண்பவரே இருமுறை பார்க்கும்போது, மண்ணில் நின்று காண்பவர் ஒருமுறையோடு நிறுத்துவது எங்ஙனம்?

ஏரியைக் காணச் செல்வோர் அதன் நடுநீரைக் காட்டிலும் முதலில் தேட வேண்டியது, அதனை ஆற்றோடு இணைக்கும் கால்வாயை. பெரும்பாலும் அது புதர் மண்டிய ஒரு சிறு ஓடையாகவே இருக்கும், எளிதில் கண்ணிற்படாது. ஏரியின் உயிர் அவ்வழியே வந்து போகிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் இயற்கையில் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் ஓடும் ஆற்று நீரிலேயே இனம் பெருக்குகின்றன. அவற்றின் குஞ்சுகள் வெள்ளத்தோடு இக்கால்வாய் வழியே ஏரிக்குள் புகுந்து, அங்குள்ள உணவை உண்டு வளர்கின்றன. கால்வாய் அடைபட்டால் இவை குறைந்து, காற்றைச் சுவாசிக்கவல்ல விரால், தேளி போன்றவையே எஞ்சும். நீர் புதுப்பிக்கப்படாமையால் ஆகாயத்தாமரை பரவி ஒளியை மறைக்கும்; அது மடிந்து அழுகும்போது பிராணவாயு குறையும். ஆதலின், மீனவர் வலையில் விழும் மீனைப் பார்த்தே கால்வாயின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம்.

கால்வாய்கள் அடைபட்டமைக்கு வெள்ளத் தடுப்புக் கரைகளும் ஒரு காரணம். பீகாரில் 1954-இல் 160 கிலோமீட்டராக இருந்த ஆற்றங்கரை அணைகள் பிற்காலத்தில் 3,400 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டன. அவை பல ஊர்களைக் காத்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆற்றுக்கும் ஏரிக்கும் இருந்த போக்குவரத்தைப் பல இடங்களில் அவை துண்டித்தன. 2008 ஆகஸ்டு 18-ஆம் நாள் நேபாளத்தின் குசகா என்னுமிடத்தில் கோசியின் கரை உடைந்தபோது, நதி தான் கைவிட்ட பழைய தடங்களிலேயே பாய்ந்து சென்றது.

தாவரங்களை ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசையாகக் காண்பது மாணாக்கர்க்கு நல்ல பாடம். ஓரத்தில் கோரையும் நாணலும், சற்று உள்ளே சம்பு, அதற்கப்பால் அல்லி, தாமரை, சிங்காரக் கொடி, நீருக்கடியில் வேலம்பாசி. ஆழம் மாறுவதை அளவுகோலின்றியே இவ்வரிசை காட்டும். தர்பங்கா, மதுபனி மாவட்டங்களில் 'மக்கானா'வையும் காணலாம். நம் கடைகளில் இதனைத் தாமரை விதை என்று விற்பதுண்டு; அது தவறு. மக்கானா அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அதன் வட்ட இலை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாக நீரில் படர்ந்து கிடக்கும். முள் அடர்ந்திருப்பதால் தொட இயலாது. முற்றிய கனி வெடித்து, பட்டாணி அளவுள்ள கரிய விதைகள் நீரின் அடியில் சேற்றில் படிகின்றன. மல்லா என்னும் மீனவ வகுப்பினர் நீரில் இறங்கியும் மூழ்கியும், சேற்றைக் கையால் துழாவி மூங்கில் சல்லடையில் அலசி அவற்றைச் சேகரிக்கின்றனர். காயவைத்து வறுத்த விதையைச் சூடு ஆறுமுன் மரச்சுத்தியால் அடித்தால், ஓடு பிளந்து வெண்பொரி வெளிப்படும். ஒரு நொடி தாமதித்தால் பொரியாது. மிதிலை மக்கானாவுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொரியின் விலை உயர்ந்ததைப் பலரும் அறிவர். சேற்றில் இறங்குவோரின் கைகளில் உள்ள முள் தழும்பை நேரிற் சென்றவரே காண்பர்.

பார்வையிட உகந்த காலம் எதுவெனில், ஒன்றன்று, மூன்று: மே மாதம், செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர், சனவரி. சனவரியில் ஊசிவால் வாத்து, நாமக்கோழி முதலிய பறவைகளைக் காணலாம். மூடுபனி விலக முற்பகலாகும். கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இட்ட மூங்கில் கழி, நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் கட்டிய 20 சென்டிமீட்டர் அகல வெண்தட்டு, குறிப்பேடு ஆகியன போதும். மரங்களிலும் சுவர்களிலும் உள்ள வெள்ளத் தழும்புகளின் உயரத்தைக் குறித்துக்கொள்க. பிராணவாயுவை அளப்போர் விடியலுக்கு முன் அளத்தல் வேண்டும். நண்பகல் அளவு ஏமாற்றிவிடும். மாணாக்கரை நீரில் இறங்கவிடலாகாது. சேற்றின் ஆழம் வெளியில் தெரியாது.

அக்டோபரில் காபர் தாலுக்கு மீண்டும் சென்றேன். ஜயமங்கலாகட் மேட்டிலுள்ள கோயிலின் அருகிலிருந்து படகில் புறப்பட்டோம். நெடுந்தூரம் சென்றபின், மே மாதத்தில் நாங்கள் நின்ற இடம் இதுவே என்று படகோட்டி கூறினார். மூங்கிற் கழியை ஊன்றிப் பார்த்தோம். நீர் ஒரு மீட்டரைத் தாண்டியிருந்தது. கழியின் நுனியில் மக்காச்சோளத் தட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.