பத்திரிகைச் செயலாளரா, தகவல் அதிகாரியா?

கேள்வி: ஐயா, நான் கிள்ளானில் வளர்ந்தவள். தொடர்புத் துறையில் பட்டம் முடித்திருக்கிறேன். கடந்த பொதுத் தேர்தலில் பிரச்சார வேலை பார்த்த அறிமுகத்தில், ஓர் அமைச்சரின் அலுவலகத்தில் பத்திரிகைப் பிரிவுக்கு ஒப்பந்த அடிப்படையில் வரச் சொல்கிறார்கள். அப்பாவோ தகவல் இலாகாவுக்கு மனுப் போடு, ஓய்வூதியம் உண்டு என்கிறார். பிற்காலத்தில் அரசியல் வியூகம் வகுப்பவளாக வரவேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பக்கம் போவது?
– வாசகி, கிள்ளான்

பதில்: முதலில் தகவல் இலாகாவுக்கு மனுப் போடுங்கள், அம்மா. ஆனால் அப்பா சொல்லும் காரணத்துக்காக அல்ல. 2024 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சேமநிதிதான்.

அறிக்கை எழுதுவதும் நிருபர்களுக்குப் பதில் சொல்வதும் இரண்டு இடத்திலும் உண்டு. வேலையின் ஆயுள்தான் வேறு. அமைச்சர் அலுவலகத்தில் இருக்கும் அரசியல் செயலாளரைக் கூட்டரசு அரசியலமைப்பின் 43சி பிரிவின்படி பிரதமர் நியமிக்கிறார். பிரதமர் வேண்டாம் என்றால் அன்றோடு பதவி முடிந்தது. பத்திரிகைச் செயலாளரும் அமைச்சரோடு வந்து அமைச்சரோடு போகிறவர். 2018 மே, 2020 மார்ச், 2021 ஆகஸ்ட், 2022 நவம்பர் என்று நாலரை ஆண்டுகளில் நான்கு புதிய பிரதமர்கள் பதவியேற்றார்கள். ஒவ்வொரு முறையும் புத்ராஜெயாவில் திறமையான இளைஞர்கள் பெட்டி கட்டினார்கள். தகவல் அதிகாரிகள் அப்படியே இருந்தார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. அரசு ஊழியர்களின் நடத்தை குறித்த 1993ஆம் ஆண்டு விதிமுறைகளில் 21ஆவது விதி, பட்டதாரி நிலை அதிகாரிகளைக் கட்சி அரசியலில் இறங்க விடாது. உங்களைப் போல ஒரு தேர்தலின் சூட்டை அனுபவித்தவருக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் ஏன் அங்கே போகச் சொல்கிறேன்? இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பொ. வேதமூர்த்தியை எண்ணிப் பாருங்கள். 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராஃப் கோலாலம்பூர் வீதிகளில் திரட்டிய கூட்டம் நம் அரசியலையே புரட்டிப் போட்டது. அடுத்த மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். உங்கள் கிள்ளானில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுப்புக்காவலில் இருந்துகொண்டே மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். மக்களின் மனத்தை அதைவிடத் துல்லியமாகப் படித்த இயக்கம் நம்மிடையே குறைவு. அதே வேதமூர்த்தி 2013 ஏப்ரலில் தேசிய முன்னணியுடன் உடன்படிக்கை செய்து, மே மாதம் பிரதமர் துறையில் துணையமைச்சரானார். வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று சொல்லி 2014 பிப்ரவரியில் விலகினார். யார் பக்கம் தவறு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: தெருவில் கூட்டம் சேர்க்கத் தெரிவது ஒரு கலை, ஒரு கோப்பை நிதியமைச்சுக்கும் இலாகாவுக்கும் நடுவே நகர்த்தத் தெரிவது முற்றிலும் வேறொரு கலை. நம் சமூகத்தில் முதலாவதற்கு என்றும் பஞ்சமில்லை. இரண்டாவது தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் ஒதுக்குகிறார்கள். காப்பாரிலோ பந்திங்கிலோ தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தாய்க்கு அந்த உதவிக்கான மனுப் பாரம் எங்கே கிடைக்கும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் யாரைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. அவர் புரிந்துகொள்ளும் தமிழில் அதைச் சொல்வதும், அவர் சொன்ன குறையை மேலதிகாரி தட்டிக்கழிக்க முடியாத மலாயில் எழுதுவதும் தகவல் அதிகாரியின் வேலை. ஐந்தாறு வருடம் அதைச் செய்தவர் வகுக்கும் வியூகத்துக்கும், பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் உட்கார்ந்து வகுக்கும் வியூகத்துக்கும் வித்தியாசம் இருக்கும்.

எழுத்தை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியிலும் படித்த எஸ். ராஜரத்தினம், பத்திரிகையில் எழுதியே அரசியலுக்கு வந்தார். 1959இல் சிங்கப்பூரின் கலாசார அமைச்சரானார். அந்நாட்டின் தேசிய உறுதிமொழியை முதலில் வரைந்ததும் அவர்தான்.

எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இருந்தால் பொதுச் சேவை ஆணையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். அழைப்பு வர நாளாகும். அதுவரை அமைச்சர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதில் தவறில்லை. கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அமைச்சர் மாறினால் எத்தனை நாள் அறிவிப்பு, சேமநிதியும் சொக்சோ சந்தாவும் முதல் மாதத்திலிருந்தே பிடிப்பார்களா.