சின்னக் கைகளுக்குச் சிறு வேலைகள்
(வீட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தைகளுக்குக் கைவினைப் பாடம்)



குழந்தைகளின் கல்வி எனும்போது நம் கண்முன் நிற்பவை புத்தகமும் மதிப்பெண்ணுமே. கைக்கும் ஒரு கல்வி உண்டு என்பதை நாம் மறந்து வருகிறோம். கிழித்தல், மடித்தல், பின்னுதல், பிசைதல், நிறுத்தல் ஆகிய ஐந்து வேலைகளையும் ஒரு குழந்தை தன் கையாலேயே செய்து பழகுமானால், கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே இயங்கக் கற்றுக்கொள்ளும். எழுதுகோலைப் பிடிக்கும் விரல்களுக்கு வலிமை தருவதும் இப்பழக்கமே.

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என்னும் கருத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். அதற்கான பாடத்திட்டத்தை வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. அதுவே ஆதாரக் கல்வி எனப்பட்டது. கைவேலை பொழுதுபோக்கு அன்று, அதுவும் பாடமே என்பதை ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் முதலில் கற்றோம். அந்தப் பாடத்தை வீட்டில் எவ்வாறு நடத்தலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை.

தொடங்குமுன் ஒரு விதி

பெரியவர்களுக்கான விதி ஒன்று உண்டு. குழந்தையின் கையில் இருக்கும் தாளை நாம் தொடலாகாது. நமக்கென ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குழந்தையின் அருகில் அமர்ந்து, மெல்ல ஒரு முறை செய்து காட்ட வேண்டும். பேச்சு குறைவாக இருக்கட்டும். பேச்சு மிகுந்தால் குழந்தை நம் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையும் இதுவே.

எங்கள் பள்ளியில் ஒரு முறை மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வீட்டில் செய்த பொருள்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு சிறுமி கொண்டுவந்த அட்டை வீடு மிக அழகாக இருந்தது. கூரையை எப்படி நிறுத்தினாய் என்று கேட்டேன். “எனக்குத் தெரியாது டீச்சர், அம்மாவுக்குத்தான் தெரியும்” என்றாள். அவளுக்கு அடுத்து நின்ற சிறுவனின் தீப்பெட்டி வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவனோ அது ஏன் சாய்ந்தது, அடுத்த முறை அச்சை எங்கே செருக வேண்டும் என்றெல்லாம் நிறுத்தாமல் பேசினான். அன்று பாடம் கற்றவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது பள்ளிகள் கேட்கும் ‘புராஜெக்ட்’ பலவும் கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. வாங்கிக் கொடுத்தாலும், நாமே இரவில் விழித்திருந்து செய்து கொடுத்தாலும் குழந்தைக்குச் சென்று சேரும் செய்தி ஒன்றே: ‘உன் கை போதாது.’ இதனை நாம் வாயால் ஒருபோதும் சொல்ல மாட்டோம். ஆயினும் செயலால் சொல்லிவிடுகிறோம். பல முறை இவ்வாறு கேட்ட குழந்தை, பிறகு எதையும் தானாக முயன்று பார்க்கத் தயங்கும்.

1. கிழித்து ஒட்டுதல் (3 முதல் 5 வயது)

கத்தரிக்கோலுக்கு முன் கைவிரல். பழைய செய்தித்தாளைக் கொடுத்து நீளமாகக் கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கில் கிழித்தால் நேராகவும், மறு வாக்கில் கிழித்தால் கோணலாகவும் கிழியும். காகிதத்தின் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதே காரணம். இதனை நாம் சொல்லிக் கொடுக்காமல் குழந்தையே கண்டுபிடிக்க விடவேண்டும். பின்னர்ச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஓர் அட்டையில் வரைந்த மாம்பழத்தின் உள்ளேயோ நிலவின் உள்ளேயோ ஒட்டச் செய்யலாம்.

பசை: 2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு குவளைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக் கூழ்ப் பதத்தில் இறக்கி ஆறவிடுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சாதலால் குழந்தைகளுக்கான பசையில் சேர்க்கவே கூடாது.

தச்சு வேலைக்குப் பயன்பட்டு வந்த வச்சிரம் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது என்பதை நம்மில் பலர் அறிவோம். முட்டை ஓடு, இறகு, பட்டுக்கூடு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வேலைகளும் கைவினைப் புத்தகங்களில் உண்டு. அவையின்றியே எல்லா வேலைகளையும் செய்யலாம். ஏன் அவற்றை நாம் தொடுவதில்லை என்று குழந்தை கேட்டால், அதுவே பதில் சொல்லத் தக்க சமயம்.

2. மடித்தல் (5 முதல் 8 வயது)

ஒரு தாளின் மேல் மூலையை எதிர்ப்பக்க நீள விளிம்பின்மேல் படியுமாறு மடித்து, மிஞ்சிய பட்டையை நீக்கினால் சதுரம் கிடைக்கும். அளவுகோல் இல்லாமலே சதுரம் பிறப்பது குழந்தைக்குப் பெரிய வியப்பு.

காகிதக் குவளை: அச்சடிக்காத வெள்ளைத் தாளில் சதுரம் எடுத்து, மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். மடிப்பு விளிம்பு கீழே இருக்கட்டும். இடது மூலையை வலப்பக்கச் சாய்வு விளிம்பைத் தொடுமாறு மடியுங்கள். மடித்த பகுதியின் மேல் விளிம்பு, கீழ் விளிம்புக்கு இணையாக அமைய வேண்டும். அவ்வாறே வலது மூலையை இடப்பக்கம் மடியுங்கள். மேலே நிற்கும் இரண்டு நுனிகளில் ஒன்றை முன்புறமும் மற்றொன்றைப் பின்புறமும் மடித்துவிட்டு, வாயை விரித்தால் குவளை ஆயத்தம். சிறிது நேரம் தண்ணீரும் தாங்கும். தண்ணீர் ஒழுகினால் எந்த மடிப்பு சரியில்லை என்பதைக் குவளையே காட்டிவிடும்.

கிண்டர்கார்டன் முறையைத் தோற்றுவித்த ஜெர்மானிய அறிஞர் பிரோபெல் (1782–1852), குழந்தைகளின் பாடங்களில் காகித மடிப்பையும் சேர்த்தார். அதனால் தூண்டுதல் பெற்ற டி. சுந்தர ராவ் என்பவர், காகிதத்தை மடித்தே வடிவியலைக் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893இல் நம் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901இல் அமெரிக்காவிலும் அது பதிப்பிக்கப்பெற்றது. உயர் வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஏதேனும் ஒரு முக்கோணத்தை வெட்டி, அதன் மூன்று மூலைகளையும் கிழித்து முனைகள் கூடுமாறு பக்கம் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அவை ஒரு நேர்கோட்டில் அமையும். 180 பாகை என்று மனப்பாடம் செய்தது அன்று கண்ணுக்குத் தெரியும்.

3. காகிதப் பாய் பின்னுதல் (6 முதல் 9 வயது)

வந்தவாசிக் கோரைப்பாயை அறியாதவர் நம்மில் குறைவு. அதே பின்னலைப் பழைய நாட்காட்டித் தாளில் செய்து பார்க்கலாம். 20 செ.மீ. சதுரத் தாளை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து தொடங்கி 2 செ.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டு போய், எதிர் விளிம்புக்கு 2 செ.மீ. முன்பாக நிறுத்த வேண்டும். தாளை விரித்தால் அது பாவு. வேறு நிறத் தாளில் 2 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் உள்ள 8 பட்டைகளை வெட்டினால் அவை ஊடை.

முதல் பட்டையை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் எனச் செருகுங்கள். இரண்டாவது பட்டையை ஒன்றின் கீழ், ஒன்றின் மேல் என மாற்றிச் செருகுங்கள். ஒவ்வொரு பட்டையையும் முந்தியதோடு நெருக்கி வைக்க வேண்டும். ஒரு பட்டை தவறினால் அடுத்த பட்டையிலேயே பிழை தெரியும். பிரித்து மீண்டும் செருகலாம், தாள் வீணாகாது. கை பழகிய பின் இரண்டின் மேல், இரண்டின் கீழ் எனத் தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பட்டை தள்ளிச் செருகினால் சாய்வுக் கோடுகள் தோன்றும். ஒற்றை, இரட்டை எண்களை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் கருவி வேறில்லை.

4. வெந்தயக் காகிதக் கூடை (8 வயதுக்கு மேல்)

இது நம் பாட்டிமார் அறிந்த கலை. பழைய செய்தித்தாளையும் நோட்டுத் தாள்களையும் சிறு துண்டுகளாகக் கிழித்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, 3 நாள் ஊறவிட வேண்டும். ஒரு கைப்பிடி வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்த காகிதத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் மைபோல் அரைத்துக்கொள்ளுங்கள். ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பே இங்குப் பசையாகிறது.

வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, ஈரத் துணியால் மூடி, அதன்மேல் கூழைக் கால் அங்குலக் கனத்தில் சீராகப் பூசச் சொல்லுங்கள். கழுத்து ஒடுங்கிய குடமாயின் அடிப் பாதியில் மட்டும் பூச வேண்டும். இல்லையேல் காய்ந்தபின் கழற்ற வராது. ஒரு நாள் நிழலிலும், பின் சில நாள் வெயிலிலும் உலர்த்திக் கழற்றுங்கள். முதலிலேயே கடும் வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும். செம்மண் குழம்பு பூசி, காய்ந்தபின் அரிசி மாவுக் கரைசலால் கோலமிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது உலராது; கோடை விடுமுறையே ஏற்றது. ஒரு வாரம் காத்திருந்து பெறும் பொருளாதலால் பொறுமையும் உடன் வரும்.

5. கொட்டாங்கச்சித் தராசு (9 வயதுக்கு மேல்)

ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு கொட்டாங்கச்சிகள், ஓர் அடி மர அளவுகோல், நூல் ஆகியவை போதும். விளிம்பருகே சம தூரத்தில் மூன்று மூன்று துளைகள் இடுவது பெரியவர் வேலை. உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது குழந்தையின் வேலை. அளவுகோலின் நடுவில் ஒரு நூலும், இரு முனைகளிலும் நடுவிலிருந்து சம தூரத்தில் தட்டுகளும் கட்ட வேண்டும்.

பெரும்பாலும் ஒரு தட்டு தாழ்ந்தே நிற்கும். அப்போது நாம் திருத்த முற்படாமல், என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்போம். உயர்ந்து நிற்கும் தட்டின் அடியில் சிறிது களிமண் ஒட்டிப் பார்க்கும் எண்ணம் குழந்தைக்கே வரும். சரியானபின் புளியங்கொட்டைகளை எடைக்கற்களாகக் கொண்டு, ஓர் எலுமிச்சம்பழம் எத்தனை கொட்டைக்குச் சமம் என நிறுத்துப் பார்க்கலாம். அடுத்து நடு நூலைச் சிறிது ஒரு பக்கம் நகர்த்தி மீண்டும் நிறுக்கச் செய்யுங்கள். அதே பழம் வேறு எடை காட்டும். கள்ளத் தராசு எப்படி உண்டாகிறது என்பது புரியும். கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் மீறல்களுள் குறைத்து நிறுப்பதையும் நம் நூல்கள் எண்ணுகின்றன. அப்பாடத்தைப் பிள்ளைகள் கையாலேயே கற்க இது நல்ல வாய்ப்பு.

முடிந்த பின் செய்ய வேண்டியவை

செய்த பொருளின் பின்புறம் குழந்தையின் பெயரையும் தேதியையும் எழுதி, ஒரு வாரமாவது எல்லோரும் காணும் இடத்தில் வையுங்கள். கோணலை நிமிர்த்தி வைக்க வேண்டாம். அண்ணன் செய்ததோடு தம்பி செய்ததை ஒப்பிட வேண்டாம். ‘அழகாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நகராமல், ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேளுங்கள். அக்கேள்விக்குச் சொல்லும் விடையில் குழந்தை தான் கற்றதை மீண்டும் ஒருமுறை கற்கும்.

வீட்டில் ஒரு மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கட்டும். பழைய செய்தித்தாள், நாட்காட்டித் தாள், காலித் தீப்பெட்டி, நூல், பொத்தான், துணித் துண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஆகியவற்றை அதில் சேர்த்து வையுங்கள். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, மேற்கூறியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து தொடங்குங்கள். பனையோலைக் காற்றாடியும் நுங்கு வண்டியும் செய்யத் தெரிந்த தாத்தாக்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு தனித் தாளைக் கொடுத்துவிடுங்கள்.