கரையில் ஒரு பகல்

கப்பல் துறையில் நிற்கும் நேரத்தைக் கொண்டே அதன் இயல்பை அறியலாம். சரக்குக் கப்பல், ஏற்றி இறக்கும்வரை காத்திருக்கும். சுற்றுலாக் கப்பலோ பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடும். உணவும் உறக்கமும் கப்பலுக்குள்ளேயே அமைவதால், பயணி கரையில் செலவிடுவது சில மணி நேரமே. கரீபியத் தீவுகள் பலவற்றின் பிழைப்பு அந்தச் சில மணி நேரத்தை நம்பியுள்ளது. பகாமாசு நாட்டில் சில தீவுகளைக் கப்பல் நிறுவனங்களே தம்வசம் வைத்துள்ளன. அங்கே கரையில் நடக்கும் வணிகமும் பெரிதும் அந்நிறுவனங்களின் கையில்தான்.

தமிழகத்துக்குத் துறைமுக வாழ்வு புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொண்டு, பண்டங்களின்மீது சோழரின் புலி முத்திரையைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. அண்மையில் 2022 சூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அக்கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் சென்றது. போரால் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்த காங்கேசன்துறைக்கு அது பெரிய வரவு.

சென்னையில் இறங்கும் வெளிநாட்டுப் பயணியர் மாமல்லபுரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ அழைத்துச் செல்லப்படுவது வழக்கம். காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவு. போகவர நான்கு மணி நேரமாவது வேண்டும். பூந்தமல்லியில் நெரிசல் என்றால் அதுவும் போதாது. எனவே வழியிலுள்ள திருப்பெரும்புதூரில் பேருந்து நிற்பது அரிது. இராமானுசர் பிறந்த ஊரைப் பயணியர் கண்ணாடிச் சன்னல் வழியே கடந்துவிடுகின்றனர்.

அதே சாலையில் எதிர்த்திசையில் நீண்ட சரக்குந்துகள் புதிய மகிழுந்துகளைச் சுமந்து சென்னை நோக்கி வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010இலும் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வட்டாரம் இது. இன்று இங்கு உருவாகும் வண்டிகள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள் வழியே பல நாடுகளுக்குச் செல்கின்றன.

மகிழுந்துகளை ஏற்றும் கப்பல், அடுக்கடுக்கான தளங்களைக் கொண்ட மிதக்கும் வண்டி நிறுத்தம் எனலாம். அதில் பாரந்தூக்கிக்கு வேலை இல்லை. சாய்தளத்தைக் கரையில் இறக்கியதும் ஓட்டுநர்கள் வண்டிகளை வரிசையாக உள்ளே செலுத்துவர். கையகல இடைவெளியில் நிறுத்தி, அலையில் நகராதபடி பட்டைகளால் தளத்தோடு பிணைப்பர். பிறகு ஓட்டுநர்கள் ஒரே ஊர்தியில் கரைக்குத் திரும்பி அடுத்த வரிசையை எடுப்பர். ஆயிரக்கணக்கான வண்டிகள் ஏறும்வரை இது தொடரும்.

இரு கப்பல்களும் கரைக்குத் தருவது ஒன்றன்று. மகிழுந்துக் கப்பலின் வரவு, தொழிலாளியின் மாத ஊதியமாக ஊருக்குள் முன்பே வந்துவிடுகிறது. சுற்றுலாக் கப்பலின் வரவோ, பேருந்து எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பட்டுப்புடவையைப் பல நாள் இருந்து நெய்த காஞ்சி நெசவாளரின் வீடு, பயண நிரலில் இடம்பெறாமலே போகக்கூடும். அந்த நிரலைக் கப்பல் கரைக்கு வருமுன்னரே எவரோ எழுதிவிடுகின்றனர். உள்ளூர் வழிகாட்டியும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் பேசவேண்டியது அவர்களோடுதான்.