சிந்தாமணியில் யாழ்

சீவக சிந்தாமணியைப் பெரியோர் வாசிக்கக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களில் காந்தருவதத்தையின் கதையை அறியாதார் இலர். வித்தியாதர வேந்தன் கலுழவேகன் தன் மகள் தத்தையைச் சீதத்தன் என்னும் வணிகனிடம் ஒப்படைக்கிறான். இராசமாபுரத்தில் அவளை யாழிசையில் வெல்பவனுக்கே மணம் செய்விக்குமாறு பணிக்கிறான். வந்தவர் பலரும் தோற்கச் சீவகன் வெல்கிறான். கதை தெரியும், ஆனால் அந்த யாழின் வடிவம் யாது எனக் கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சரசுவதி படத்திலுள்ள வீணையையே காட்டுவர்.

நானும் அவ்வாறு காட்டியவள்தான். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், கரும்பலகையில் வீணையை வரைந்து அதன் கீழே 'யாழ்' என்று எழுதிப் பாடம் நடத்தினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு என்று சொன்னீர்களே டீச்சர், படத்தில் ஏழுதானே இருக்கிறது?" என்றாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இக்கட்டுரையை அவளுக்குக் காலந்தாழ்ந்து தரும் விடையாகக் கொள்க.

யாழ் வில்லிலிருந்து பிறந்த கருவி. வளைந்த கோடு ஒன்றின் அடியில், தோல் போர்த்த பத்தர் என்னும் குடம் இருக்கும். கோட்டிலிருந்து பத்தருக்கு நரம்புகள் நீளம் குறைந்து குறைந்து இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கோட்டில் நரம்புகளைப் பிணித்து நிறுத்தும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பர். இங்கு மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. வீணையில் மெட்டுகள் உள்ளன. ஒரே தந்தியில் விரலை நகர்த்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. பண் மாறவேண்டின் நரம்புகளை மீண்டும் சுருதி கூட்டல் வேண்டும்.

இதனை நமக்குத் தெளிவாக்கியவர் மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலாநந்த அடிகள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணம் கூறும் சில அடிகளையே வித்தாகக் கொண்டு, பல்லாண்டுகள் ஆராய்ந்து 'யாழ்நூல்' இயற்றினார். 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இளங்கோவடிகளின் சொற்களுக்குள் உறங்கிக் கிடந்த கருவியை எழுப்பியவர் அவர்.

அத்தகைய கருவி மறைந்தது ஏன்? விடையின் ஒரு பகுதி நம் புதுவை மாநிலத்திலேயே, காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் உள்ளது. திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இசைத்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அத்தலத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் நரம்பில் அடங்கவில்லை. மனம் நொந்த பாணர் யாழை உடைக்க ஓங்கினார் என்றும், சம்பந்தர் தடுத்தார் என்றும் பெரியபுராணம் கூறும். அதனாலேயே அப்பதிகத்திற்கு யாழ்முரி என்று பெயர். சம்பந்தர் நம் சமயத்தோடு மாறுபட்டு நின்றவர். அது வேறு கதை. இசை வரலாற்றை அறிய விரும்புவோர் அந்தக் கோயிலைப் பார்த்து வருவது நன்று. குரல் வளைந்து குழைந்து செல்லும் இடமெல்லாம் யாழ் நரம்பு செல்ல இயலாது என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியே விளக்கிவிடுகிறது. மெட்டுடைய வீணை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனிச் சிந்தாமணிக்கு வருவோம். திருத்தக்கதேவர் யாழ் என்றும் வீணை என்றும் மாற்றி மாற்றி வழங்குகிறார். இது கண்டு மயங்கவேண்டா. வடமொழியிலும் பழங்காலத்தில் வீணை என்ற சொல் வில் வடிவக் கருவியைக் குறித்தது. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட சமுத்திரகுப்தனின் பொற்காசில், மன்னன் மடியில் வைத்து வாசிப்பது யாழ்போல் வளைந்த கருவியே. நம் சமயத்தின் பிராகிருத நூலாகிய வசுதேவ ஹிண்டியிலும் ஒரு கந்தர்வதத்தையும் வீணைப் போட்டியும் உண்டு. ஆகவே தேவர் புதிதாகக் கற்பனை செய்தார் அல்லர். சமணக் கதைமரபில் வழிவழி வந்த காட்சியைத் தமிழில் விரித்தார்.

அக்காட்சியில் நான் மிகவும் போற்றும் பகுதி போட்டியன்று, அதற்கு முன் நடப்பது. சீவகனிடம் யாழ்கள் கொண்டுவரப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றையும் நோக்கி விலக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் கிடந்து நைந்தது. ஒன்று வாளால் வெட்டுண்டது. ஒன்று இடி வீழ்ந்தது. ஒன்று தீயில் வெந்தது. ஒரு நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதையும் காட்டுகிறான். முடிவில் தம்பி நபுலன் கையிலிருந்த குற்றமற்ற யாழை வாங்கி வாசிக்கிறான். யாழ் செய்யும் தொழிலறிவு இது என்று மட்டும் கொள்வோர் கொள்க. மரமும் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிர் என்று கற்ற நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அம்மரம் பட்ட துன்பம், அது இசைக்கருவியான பின்னும் அதன் ஒலியில் தங்கியிருக்கிறது. அதைக் கேட்கும் செவி சீவகனுக்கு வாய்த்திருக்கிறது. இது உரையாசிரியர் கூற்றன்று, என் கருத்து.

கொங்குவேளிரின் பெருங்கதையிலும் யாழே கதையை நடத்துகிறது. உதயணன் கோடவதி என்னும் யாழால் மதங்கொண்ட நளகிரியை அடக்குகிறான். வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கிறான். அவளுடன் தப்பிச் செல்கையில் அந்த யாழை இழந்து, பின்னர் மீண்டும் பெறுகிறான். அங்குசத்தால் அடங்காத யானை நரம்பொலிக்கு அடங்கியது என்பதைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

சொன்னால் வினாவும் எழும். சென்ற ஆண்டு உப்பளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நம் பிள்ளைகள் சிலருக்கு இக்கதையைக் கூறியபோது, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "நரம்பு என்றால் ஆட்டு நரம்பா பாட்டி? அப்படியென்றால் சீவகன் அதைத் தொட்டிருக்கக்கூடாதே" என்றான். மழுப்பக் கூடாத வினா. போர்வை தோல்தான் என்பதை ஒப்புக்கொண்டேன். இன்றும் வழக்கிலுள்ள பர்மிய யாழாகிய சௌங்கின் போர்வையும் மான்தோலே. அதன் நரம்புகள் முன்னாளில் பட்டு நூல், இக்காலத்தில் நைலான். பட்டும் உயிரை வதைத்துப் பெறுவதுதான். ஆனால் பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். உள்துளையுடைய குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி வில்யாழ் வாசிக்கிறான். அதில் தோலும் இல்லை, விலங்கின் நரம்பும் இல்லை.

மரல் என்பது மருள் எனவும் வழங்கும் செடி; பாம்புக் கற்றாழை என்று நாம் தொட்டியில் வளர்ப்பதற்கு நெருங்கிய இனம். பிள்ளைகள் எங்கள் தோட்டத்தில் தானே உலர்ந்து சாய்ந்த இலைகளை மட்டும் எடுத்து, ஊறவைத்துச் சுரண்டி, நாரை முறுக்கினார்கள். மூங்கில் வில்லில் கட்டி, அடியில் கொட்டாங்கச்சி ஒன்றைப் பொருத்தினோம். இரண்டு நரம்பு அறுந்தன; மூன்றாவது நின்றது. அதன் ஒலி முற்றத்தைத் தாண்டாது. செவியைக் கொட்டாங்கச்சியின் அருகே வைத்தால் கேட்கும். அச்சிறுவன் வெகுநேரம் அப்படியே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.